சுகிர்தா செய்த வண்டி

கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் பத்தாம் நம்பர் லயத்தில் போய் சுகிர்தாவைப் பற்றிக் கேட்டால், "அதுவா, பொல்லாத கோபக்காரப் புள்ள" என்றுதான் சொல்வார்கள். எதற்குக் கோபம் என்று அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பாள்.

அவள் அப்பா பெரியதம்பி அந்தத் தோட்டத்து ஆள் அல்ல. ஹுன்னஸ்கிரியப் பக்கம் பிறந்தவர். அவருடைய அப்பா கறுப்பையாவும் சுகிர்தாவின் அம்மா வடிவம்மாவைப் பெற்றவளும் கூடப் பிறந்தவர்கள். அந்த முறையில் வடிவம்மாவைக் கட்டி, பெண் வீட்டோடு வந்து தங்கினார். பெண் வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்கு லயத்தில் என்ன மரியாதை உண்டோ அதுதான் அவருக்கும். சுகிர்தாவுக்கு ஒன்பது வயது நடக்கும்போது நிழல் மரம் கவ்வாத்துப் பண்ண ஏறியவர் கிளையோடு விழுந்தார். பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பெரிய மனிதர் வடிவம்மாவின் அண்ணன் செல்லச்சாமி. கங்காணியாக இருந்தவர், குரல் கனத்த மனிதர். அவர் இருமினால் வடிவம்மா எழுந்து நிற்பாள்.

சாதாரண தரப் பரீட்சையில் சுகிர்தாவுக்குக் கணக்கில் ஏ வந்தது. மேலே படிக்கக் கண்டிக்குப் போக வேண்டும் என்றாள். செல்லச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒங்காத்தா ஒத்தக் கையால எத்தன கிலோ எடுப்பா? நீயும் போயி ஆய்ஞ்சு குடு."

அப்படித்தான் அவள் மலை ஏறினாள். தோட்டத்தில் பேர் பதியாத ஆளுக்குத் தனியாக நிறுக்க மாட்டார்கள். அவள் ஆய்ந்த கொழுந்தை அம்மாவின் கூடையில் கொட்ட வேண்டும். நிறுத்து முடிந்ததும் கணக்கப்பிள்ளை புத்தகத்தில் வடிவம்மா என்று எழுதுவார். மூன்று வருடம் அட்டை கடித்தது அவளை, வெயில் சுட்டது அவளை. அந்தப் புத்தகத்தில் ஒரு இலை அவள் பேரில் இல்லை.

அதற்கப்புறம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற மடுவத்தில், ஒரு ஆள் தேவைப்பட்டது. சுகிர்தா எழுத்துப் பரீட்சை எழுதி, நேர்முகத்துக்கும் போய், "திங்கக்கெழம வா" என்று துரை வாயால் கேட்டுவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை செல்லச்சாமி துரை பங்களாவுக்குப் போனார். திங்கட்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தது அவருடைய மூத்த மகள் துஷ்யந்தி. "அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது, ஒரு வேலன்னு இருந்தா நல்லது. ஒனக்கு என்ன அவசரம்?" என்றார் மாமா. வடிவம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே சுகிர்தா ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, பேராதனையில் இறங்கி, கம்பளைப் பாதை பஸ்ஸில் மாறி, கெலிஓயாவில் ஒரு கடைக் கண்ணாடியில் "பெண் உதவியாளர் தேவை" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனாள். எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஹலீமின் கடை. போன் விற்பார், போன் திருத்துவார், ஃபோட்டோ கொப்பியும் அடிப்பார். கொப்பி அடிக்கத்தான் அவளைச் சேர்த்தார். ஆனால் ஹலீம் நானாவுக்குக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. போன் பலகையில் கடுகு மாதிரி ஒட்டியிருக்கிற சாமான்கள் அவருக்கு மங்கலாகத் தெரிந்தன.

"புள்ள, இங்க வாங்கோ. இந்த எடத்துல கறுப்பா ஒண்டு ஈக்கா பாருங்கோ."

"ரெண்டு இருக்கு நானா. ஒண்ணு கருகிக் கெடக்கு."

"அப்ப அதக் கழட்டுங்கோ."

இப்படி அவர் சொல்ல அவள் கழற்றி, பிறகு அவர் சொல்லாமலே கழற்றி, ஈயம் உருக்கிப் பற்றவைக்கவும் பழகிக்கொண்டாள். பத்து வருடத்தில் பின்பக்கத்து வேலைமேசை அவளுடையது ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் மட்டும் "ஹலீம் நானா நல்லாத் திருத்துவார்" என்றுதான் சொல்லிப் போனார்கள். நானா அப்படிச் சொல்ல விடமாட்டார். "நான் இல்ல, உள்ளுக்கு ஈக்கிற புள்ள" என்பார். வந்தவர்கள் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கடை அலுமாரியில் ஒரு பெட்டி எட்டு மாதமாகக் கிடந்தது. பேராதனைக் கம்பஸில் படித்த பையன் ஒருவன் கடை விலாசத்துக்கு வரவழைத்தது. அவன் வெளிநாடு போய்விட்டான். ஒரு நாள் நானா அதை எடுத்து மேசையில் வைத்தார்.

"இனி அவன் வர மாட்டான், போன்லயும் சென்னான், யாருக்காவது குடுங்கோன்னு. ஒங்களுக்கு வேணுமா?"

பெட்டியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு, மஞ்சள் நிறத்தில் இரண்டு மோட்டார், இரண்டு ரப்பர் சக்கரம், பின்னால் பூட்ட ஒரு உருளைச் சக்கரம், ஒரு நீலப் பலகை, மோட்டாருக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற சிவப்புப் பலகை ஒன்று, பொடி ஆணிகள், கட்டுக் கட்டாக வயர். முன்னால் பூட்டுவதற்கு இரண்டு வட்டக் கண் வைத்த ஒரு சாமான்; எதிரே ஏதாவது இருந்தால் தூரம் அளந்து சொல்லும். தகட்டுக்கு அடியில் பூட்டுவதற்கு மூன்று சின்னக் கண்கள். அவை தரையைப் பார்த்துக் கறுப்பா வெள்ளையா என்று சொல்லும். தானாக ஓடுகிற ரோபோ வண்டி அது. விளக்கத் தாளில் பாதி சீன எழுத்து, மீதி படமும் புரியாத இங்கிலீசும்.

பூட்டுவது அவளுக்குப் பெரிய வேலையில்லை, இரண்டு மத்தியானத்தில் முடித்துவிட்டாள். முதல் தரம் சுவிட்சைப் போட்டபோது ஒரு சக்கரம் முன்னுக்கும் ஒரு சக்கரம் பின்னுக்கும் சுழன்று, வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. ஹலீம் நானா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டார்.

"யா அல்லா, இதுக்குப் பேய் புடிச்சிரிச்சா?"

"வயரு மாறிப்போச்சு நானா. இருங்க."

வயரை மாற்றிப் பூட்டினாள். நேராக ஓடியது. ஆனால் அதற்கு மூளை என்று ஒன்று எழுத வேண்டியிருந்தது, அங்கேதான் அவள் மூச்சு நின்றது. கடையில் இருந்த பழைய கம்பியூட்டரில், தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் பேசிப் போட்ட வீடியோக்களைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாள். நடுக் கண் கறுப்பைப் பார்த்தால் நேரே போ. இடது கண் பார்த்தால் இடது பக்கம் திரும்பு. ஒன்றும் தெரியாவிட்டால் கடைசியாகத் திரும்பிய பக்கமே தேடு. எதிரே ஒரு சாண் தூரத்தில் ஏதாவது இருந்தால் நில். இதைச் சொல்வது எளிது. மெஷினுக்கு விளங்குகிற மாதிரி எழுத நாலு மாதம் பிடித்தது. ஒரு எழுத்துப் பிசகினால் கம்பியூட்டர் சிவப்புச் சிவப்பாகக் கத்தும். அவளும் திருப்பிக் கத்துவாள்.

வலது மோட்டார் இடதை விடக் கொஞ்சம் வலுக் குறைந்தது. இரண்டுக்கும் ஒரே வேகம் கொடுத்தால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து கொண்டே போனது. இடதுக்கு நூற்று நாற்பது, வலதுக்கு நூற்றைம்பது என்று கொடுத்துப் பார்த்தாள். இன்னும் சாய்ந்தது. நூற்றைம்பத்து மூன்றுக்கு மறுபக்கம் சாய்ந்தது. நூற்றைம்பத்திரண்டில் கோடு போட்ட மாதிரி ஓடியது. அந்த இலக்கத்தைக் கண்டுபிடிக்க ஆறு நாள் போனது. அந்த ஆறு நாளில் அவள் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைத் தரையில் வெள்ளை மாபிள் பதித்திருந்தது. பின் மேசையிலிருந்து முன் கவுண்டர் வரைக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளைத்து ஒட்டினாள். வண்டியின் முதுகில் ஒரு சவர்க்காரப் பெட்டியைப் பூட்டி, திருத்தி முடித்த போனை அதில் வைத்து விடுவாள். வண்டி கோட்டைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போய் நானாவின் கால் முன்னால் நிற்கும். நானா போனை எடுத்து வண்டியைத் திருப்பி வைத்ததும் அதே கோட்டில் வரும். கடைக்கு வந்த சனம் போன் வாங்குவதை மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இதுக்குச் சம்பளமும் வேணாம், லீவும் வேணாம்" என்றார் நானா. "ஒங்களப் போல என்னோட சண்டையும் புடிக்காது."

"அதுக்கும் சண்டை போட எழுதிக் குடுக்கட்டுமா?"

கண்டியில் ஒரு சங்கம் புதுக் கண்டுபிடிப்புகளுக்குக் கண்காட்சி வைக்கிறது, வயது எல்லை இல்லை என்று விண்ணப்பப் படிவம் கொண்டு வந்து கொடுத்தவரும் நானாதான். சுகிர்தா அதைக் கடை மேசையில் வைத்து, பேனாவை இரண்டு தரம் உதறி, தன் பேரை எழுதினாள். முப்பத்திரண்டு வயதில், தான் செய்த ஒரு பொருளுக்குப் பக்கத்தில் தன் பேரை எழுதியது அதுதான் முதல் தடவை. இதைப் பெரிய விஷயம் என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. படிவத்தை மட்டும் மடிக்காமல் ஒரு கோப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை; வண்டியையும் படிவத்தையும் அதற்கு முதல் நாள் சனிக்கிழமையே மண்டபத்தில் ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை கடையில் கூட்டம். இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம், ஆறு மணி வரை வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டாள். கடையில் வைத்தால் கூட்டத்தில் இடிபடும் என்று வெள்ளிக்கிழமையே வண்டியை லயத்துக்குக் கொண்டு வந்து, புது பெற்றரி போட்டு, பெட்டிக்குள் வைத்து, படிவமும் நிரலின் அச்சுத் தாளும் இருந்த கோப்பைப் பக்கத்தில் வைத்து, "தொடாத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலையில் போனாள்.

பிற்பகல் வந்து பார்த்தால் பெட்டி இல்லை. கோப்பும் இல்லை.

"மாமா வந்தாரு" என்றாள் வடிவம்மா. "ஸ்ரீதரன் தம்பி எப்பிடியும் கண்டிக்குப் போகுதாம். அது குடுத்துருமாம். நீ எதுக்கு அலையணும்? கோயில்ல வச்சு பூசையும் போட்டுக் கொண்டு போனாங்க புள்ள. நானுந்தான் தேங்கா ஒடச்சேன்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"என் அண்ணனுக்குக் குடுக்க யாரக் கேக்கணும்?"

சுகிர்தா தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள், நிறைத்தாள், கொண்டு வந்து வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் போனது. ஸ்ரீதரனுக்குப் போன் அடித்தாள். "ஒப்படச்சாச்சு மச்சி, டென்ஷனாகாதீங்க" என்றான். அவன் செல்லச்சாமியின் கடைசி மகன், இருபத்தேழு வயது. கண்டியில் ஒரு தனியார் நிலையத்தில் கம்பியூட்டர் படிப்பதாகப் பெயர். எந்த வருடம் முடியும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வடிவம்மாவும் கூடவே கிளம்பினாள். இருப்பதில் நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். "நீ எதுக்கு?" என்று கேட்டதற்கு, "அண்ணன் வரச் சொன்னாரு" என்றாள்.

மண்டபம் வாவிக்கு மேலே மேட்டில் இருந்தது. உள்ளே நாற்பது ஐம்பது மேசை. ஹலீம் நானா கடையைப் பூட்டிவிட்டு அவளுக்கு முன்னாலேயே வந்து, வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் சரியில்லை.

"மகள், உள்ளுக்குப் போக முந்தி ஒண்டு செல்றேன். கோபப்பட வேணாம்."

அவள் நிற்கவில்லை. பதினேழாம் மேசையில் அவளுடைய வண்டி இருந்தது. இரண்டு வட்டக் கண்ணுக்கும் நடுவில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. மேசை முன்னால் வெள்ளை அட்டையில் கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள்: கண்டுபிடிப்பாளர், செ. ஸ்ரீதரன்.

பக்கத்தில் ஸ்ரீதரன் நின்றான், டை கட்டியிருந்தான். செல்லச்சாமி வெள்ளை வேட்டியில், அவர் மனைவி, அத்தை பாப்பம்மா, பட்டில். அவர்களோடு இன்னும் மூன்று பேர். கண்டியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற யோகராஜ், அவருடைய மனைவி, மகள் கிருஷாந்தி. வங்கியில் வேலை செய்கிற பெண். ஸ்ரீதரனுக்குப் பேசிக்கொண்டிருக்கிற சம்பந்தம். "மாப்பிள்ள ரோபோ செய்யிறாரு" என்று சொல்லித்தான் பேச்சு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பார்த்துவிட்டுப் பாக்கு வெற்றிலை மாற்றலாம் என்று அழைத்து வந்திருக்கிறார்கள்.

செல்லச்சாமி சுகிர்தாவைக் கண்டதும் இரண்டு எட்டில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. ஒரே ஒரு நாள். சம்பந்தம் முடியட்டும். எவன் பேருல இருந்தா என்ன, நம்ம குடும்பத்துப் பேருதானே?"

"என் படிவம் எங்க?"

"அதுல திருத்தம் இருந்துச்சு, புதுசா எழுதுனாங்க."

"என்ன திருத்தம்? பேரா?"

"மெதுவாப் பேசு. பொம்பளப் புள்ள செஞ்சதுன்னா எவன் நம்புவான்? தம்பி செஞ்சதுன்னாத்தான் எடுபடும். ஒனக்கென்ன, கல்யாணமா காச்சியா, இந்தப் பேர வச்சு என்ன செய்யப் போற?"

சுகிர்தா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வடிவம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதும். அவளும் தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள்.

அப்போது நடுவர்கள் வந்தார்கள். முன்னால் வந்த பெண்மணி யாழ்ப்பாணத்தவர், கம்பஸில் படிப்பிக்கிறவர். நதா மிஸ் என்றார்கள்.

"சரி தம்பி, ஓடவிட்டுக் காட்டுங்கோ பாப்பம்."

மேசைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பலகையில் கறுப்பு டேப் ஒட்டிய பாதை இருந்தது. ஸ்ரீதரன் வண்டியை அதில் வைத்து சுவிட்சைப் போட்டான். வண்டி கோட்டைப் பார்க்கவே இல்லை. இடப்பக்கம் திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. அதே இடத்தில் ஒன்பது சுற்று. ஸ்ரீதரன் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். மறுபடி அதே சுற்று. யோகராஜ் கையைக் கட்டிக்கொண்டார்.

"பூசை போட்டுத்தானே கொண்டு வந்தோம்!" என்றார் செல்லச்சாமி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "புது வாகனத்துக்குச் செய்யிற மாதிரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வச்சோம். வண்டிக்குக் கனம் பத்தல, பழம் நசுங்கல. நானே கையால அமுக்கி நசுக்குனேன். மூணு பழம்!"

சுகிர்தாவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அடியில் இருக்கிற மூன்று கண்ணிலும் எலுமிச்சஞ்சாறு போய், காய்ந்து, தூசியோடு பாசி மாதிரிப் படிந்திருக்கும். வண்டிக்குக் கண் குருடு; கோடு தெரியாமல் ஒரே பக்கமாகத் தேடிச் சுற்றுகிறது.

"திருத்து புள்ள" என்று காதுக்குள் சொன்னாள் வடிவம்மா. "அண்ணன் மொகத்தப் பாரு."

"அட்டையில யாரு பேரு இருக்கோ, அவங்க திருத்தட்டும்."

நதா மிஸ் ஸ்ரீதரன் கொடுத்திருந்த தாளைப் புரட்டினார். கோப்பில் இருந்த சுகிர்தாவின் நிரலை அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தான்.

"இதில இடது பக்கத்துக்கு நூற்று நாப்பது, வலதுக்கு நூற்றைம்பத்திரண்டு எண்டு இருக்கு. ஏன் தம்பி வித்தியாசம்?"

ஸ்ரீதரன் டையை இழுத்துவிட்டான். "அது வந்து மிஸ், ஒரு ஸ்டைலுக்கு."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். சுகிர்தாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஆறு நாள்! அந்த ஒரு இலக்கத்துக்கு ஆறு நாள்!

"ஸ்டைலா? வலது மோட்டார் வலுக் கொறஞ்சது, மிஸ். ஒரே வேகம் குடுத்தா வலப்பக்கம் இழுக்கும். அம்பத்து மூணு குடுத்தா எடப்பக்கம் இழுக்கும். அம்பத்திரண்டுதான் சரி. இப்ப சுத்துறதுக்குக் காரணம் அது இல்ல. அடிக்கண்ணுல எலுமிச்சஞ்சாறு."

நதா மிஸ் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "ஓம். அப்ப நீங்கள் ஆர்?"

"என் தங்கச்சி மகதான் மிஸ்" என்று முந்திக்கொண்டார் செல்லச்சாமி. "தம்பிக்குக் கூடமாட ஒத்தாசை. ஒரே குடும்பம்."

"பத்து நிமிஷம் தாறன். சரிப்படுத்த ஏலுமெண்டா சரிப்படுத்துங்கோ."

அந்தப் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் சுகிர்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஸ்ரீதரன் வேட்டி முனையால் துடைக்கச் சொல்லி அப்பாவைக் கேட்டான். வண்டியைக் கவிழ்த்தான், ஆணியைப் பிடித்துத் திருகப் போனான். அவன் தப்பான ஆணியில் கை வைத்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவன் பெயர் கெட்டால் கெடட்டும். ஆனால் இந்த மண்டபத்தில் இத்தனை பேர் நாளைக்கு "அந்த வண்டி ஓடவில்லை" என்றல்லவா சொல்வார்கள்? அது பொய். அது ஓடுகிற வண்டி.

"எடு கைய."

பக்கத்து மேசைக்காரரிடம் ஸ்பிரிட் போத்தல் இருந்தது, கேட்டு வாங்கினாள். ஹலீம் நானா எங்கிருந்தோ பஞ்சு கொண்டு வந்தார். கவிழ்த்து, மூன்று கண்ணையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒரு எலுமிச்சை விதை வயருக்கு நடுவில் சிக்கியிருந்தது, நகத்தால் கிள்ளி எறிந்தாள். நெற்றிக் குங்குமத்தையும் துடைத்தாள். "அதையேன் அழிக்கிற?" என்றாள் அத்தை பாப்பம்மா. அவள் இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

பாதையில் வைத்து சுவிட்சைப் போட்டாள். வண்டி ஒரு நொடி நின்றது. பிறகு கோட்டைப் பிடித்தது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, குறுக்கே நதா மிஸ் வைத்த பேனாப் பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, எடுத்ததும் மறுபடி போனது. சனம் கை தட்டியது. செல்லச்சாமி மகன் தோளில் கை போட்டு, யோகராஜைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பாத்தீங்களா! சும்மாவா, என் மகன் செஞ்சதில்ல!"

"மிஸ்" என்றாள் சுகிர்தா. மண்டபம் திரும்பியது. "இது நான் செஞ்சது. அட்டையில பேர மாத்துங்க."

கை தட்டல் நின்றுவிட்டது.

நதா மிஸ் மெதுவாகச் சொன்னார். "எனக்கு இப்ப விளங்குது. ஆனா நானாக மாத்த ஏலாது, பிள்ளை. ஆர் ஒப்படைச்சவரோ அவர் கைப்பட எழுதித் தரவேணும். ஒரு வரி போதும்." ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஸ்ரீதரன் முன்னால் வைத்தார். தாளுக்கு மேலே பேனா.

ஸ்ரீதரன் தாளைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். யோகராஜ் குடும்பத்தைப் பார்த்தான். கிருஷாந்தி நேராக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்களேன்" என்றாள் அந்தப் பெண். "ஒரு வரிதானே."

அவன் கை அசையவில்லை.

"வடிவு, ஒம் மகளக் கூட்டிட்டுப் போ" என்றார் செல்லச்சாமி, பல்லைக் கடித்துக்கொண்டு. வடிவம்மா மகளின் முழங்கையைப் பிடித்தாள். "வா புள்ள. வேற ஒண்ணு செஞ்சுக்கலாம். விட்டுக் குடு. எத்தனையோ விட்டுக் குடுத்தாச்சு."

"நீ விட்டுக் குடுத்த. எல்லாம் என்னுது."

கையை உதறினாள். வண்டி இன்னும் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வளைவில் அதை ஒரே தூக்காகத் தூக்கினாள். தரை போனது தெரியாமல் சக்கரங்கள் அவள் கையில் சுழன்றன. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். "ஏய், எங்க கொண்டு போற? தம்பி பேருல பதிஞ்ச சாமான்!" என்று செல்லச்சாமி கத்தினது வாசல் வரை கேட்டது. பதினேழாம் மேசையில் அட்டையும் ஸ்ரீதரனும் மிச்சம். அவன் பக்கத்தில் நின்று காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கலஹா பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஒரே சீட்டில்தான் வந்தார்கள். லூல்கந்துர மலைப் பக்கத்து மேகம் இறங்கி மழை பிடித்தது. பாதி வழி வந்த பிறகு வடிவம்மா கேட்டாள்.

"இன்னுமா கோபம்?"

"ஆமா."

"என்மேலயுமா?"

"ஒம்மேலதான் கூட."

வடிவம்மா அழுதாள். சுகிர்தா வண்டியை மடியில் வைத்து மழைச் சாரல் படாமல் கையால் மறைத்துக்கொண்டாள். அம்மாவின் கண்ணைத் துடைக்கவில்லை.

அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. யோகராஜ் மழுப்பலாகச் சொல்லியனுப்பினார், கிருஷாந்தி மழுப்பாமல் சொன்னாளாம். செல்லச்சாமி அதற்கும் சுகிர்தாவைத்தான் பழி சொன்னார். பாப்பம்மா கோயிலில் மண் வாரித் தூற்றினாள். துஷ்யந்தி பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று, சுகிர்தா தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பினாள். அந்தக் குடும்பத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இன்று வரை நல்லது கெட்டது இல்லை. மாமன் முறை, மச்சான் முறை எல்லாம் பத்தாம் நம்பர் லயத்தில் சுகிர்தாவின் வீடான கோடிக் காம்பராவோடு அறுந்து போயிற்று.

கண்காட்சிக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை சுகிர்தா நேரத்தோடு கடைக்கு வந்தாள். கம்பியூட்டரைப் போட்டு, வண்டிக்கு எழுதிய நிரலைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், இரண்டு சாய்கோடு போட்டு ஒரு வரி எழுதினாள்: செய்தவர் பெ. சுகிர்தா, கலஹா. இரண்டு சாய்கோட்டுக்குப் பின்னால் எழுதுவதை மெஷின் வாசிக்காது, தாண்டிப் போய்விடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதினாள். எழுதி முடித்து வயரைச் செருகி வண்டிக்குள் ஏற்றினாள். ஒவ்வொரு எழுத்தையும் அவள் குத்திய குத்தில் மேசை ஆடியது, தேநீர்க் கோப்பை தளும்பியது.

"மெல்ல, மகள்" என்றார் ஹலீம் நானா, முன்பக்கத்திலிருந்து. "கீ ஒடஞ்சி போகும்."

"ஒடையட்டும் நானா" என்றாள்.